வில் இழுக்க மாட்டாத ‘முதிய நண்பர்’ எழுதிக்கொள்வது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கனடா, ஸ்காபரோ, வோபர்னிலிருந்து நகுலேந்திரன் எழுதிக்கொள்வது. தாங்களும் வீட்டிலுள்ளோரும், தங்கள் மாத இதழைத் தோளில் தாங்கி நிற்கும் வீடு விற்பனை முகவர்களும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டுகிறேன். நானும் சுகமே என்று அடுத்த வரியில் எழுதுவது வழக்கம். எழுதினால் தங்கள் வாசகர்கள் நம்பமாட்டார்கள். என் உடல்நிலையைத் தாங்களே சென்ற மாதம் முழுப்பக்கத்தில் அறிவித்துவிட்டீர்கள்.

‘வேட்டைக் குறுக்குவில்லை உடல் நோகாமல் இழுத்துப் பூட்டுவது எப்படி?’ என்ற கட்டுரையைச் சொல்கிறேன். எழுதியவர் விட்பி நகரத்துக் கிளிபோட். ஒரு பக்கம் அடமானக் கடன் விளம்பரம், மறுபக்கம் மரண அறிவித்தல், நடுவில் இலை தழை அச்சிட்ட சட்டையோடு கிளிபோட் நின்று சிரிக்கிறார். அவர் எனக்குச் சகலன். என் மனைவி யோகமலரின் தங்கை புஷ்பமலரைக் கட்டியவர். உறவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தில் ஏதோ பகை இருப்பதாகத் தாங்கள் நினைக்கக்கூடும்.

அந்தக் கட்டுரையில் ஒரு பந்தி வருகிறது. ‘எங்கள் குழுவில் ஒரு முதிய நண்பர். ஆர்வத்துக்குக் குறைவில்லை, உடம்பில்தான் வலு இல்லை. வெறுங்கையால் நாணை இழுக்கப்போய் விழுந்து தோளைக் கெடுத்துக்கொண்டார். இப்போது வேட்டை முகாமில் சமையலைப் பொறுப்பேற்று மகிழ்ச்சியாக இருக்கிறார்.’ பெயர் போடாதது கிளிபோட்டின் பெருந்தன்மை. எங்கள் குழுவில் நாலே பேர்: கிளிபோட், அவருடன் வேலை செய்யும் அலெக்ஸாண்டர், எழுபதைத் தாண்டிய அமிர்தநாதர், நான். இதில் சமைப்பவர் ஒருவர்தான். இதழ் கடைகளுக்கு வந்த கிழமையே, கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த என்னிடம் ஒருவர் வந்து, “அண்ணை, தோள் இப்ப எப்பிடி?” என்று விசாரித்தார். அவரை எனக்கு முன்பின் தெரியாது.

முதிய நண்பர் என்ற சொல்லைப் பற்றி ஒன்றே ஒன்று. கிளிபோட்டைவிட நான் ஒரு வயதுகூட மூப்பில்லை. அவர் தலைக்குச் சாயம் பூசுகிறார், நான் பூசுவதில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதுவது என் படிப்புக்கு அழகல்ல.

இதை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறேன் என்று கேட்பீர்கள். ஒக்ரோபரில் வில்வேட்டை தொடங்குகிறது. பீற்றர்பரோவுக்கு வடக்கே ஒரு வெள்ளைக்கார விவசாயியின் காணியில் கிளிபோட்டுக்கு அனுமதி உண்டு. அந்த வீட்டுக்குச் சூடேற்றும் பேர்னஸ் பூட்டிக்கொடுத்த வகையில் வந்த சிநேகிதம். அங்கே யார் வில்லோடு ஒளிந்திருக்கும் குடிசைக்குள் இருப்பது, யார் அகப்பையோடு அடுப்படியில் இருப்பது என்பதை அவர்தான் தீர்மானிப்பார். போன கிழமை எனக்கு வந்த வாட்ஸ்அப் செய்தியில் கறித்தூள், பெருஞ்சீரகம், பெரிய தாச்சி என்று மட்டும் இருந்தது. வில் என்ற சொல்லே இல்லை. நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்றவன். அந்தப் பட்டத்தை இந்த நாடு மரியாதையாக வாங்கிப் பார்த்து, மரியாதையாகத் திருப்பித் தந்துவிட்டு, என்னை ஒரு வெயார்ஹவுசில் பெட்டி சரிபார்க்க அனுப்பியது. அங்கே நாள் முழுவதும் யாராவது என்னிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் கேட்பது யார் என்று எழுதத் தேவையில்லை. அந்தக் காட்டுக் குடிசையில் விடியற்காலையில் அசையாமல் இருக்கும் நேரம் ஒன்றுதான் ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்காத நேரம். மான் வராவிட்டாலும் எனக்குக் குறையில்லை. வராமல் இருந்தால் இன்னும் நல்லது. அந்த இருக்கையைத்தான் தங்கள் இதழ் என்னிடமிருந்து பறிக்கப் பார்க்கிறது. ஆகவே சென்ற நவம்பரில் உண்மையில் நடந்ததை எழுதுகிறேன், பொறுமையோடு வாசிக்கவும்.

குறுக்குவில் என்பது, துவக்கின், அதாவது துப்பாக்கியின், கட்டை ஒன்றின்மேல் வில்லைக் குறுக்காக வைத்துப் பூட்டியது போன்றது. முன்முனையில் கால் நுழைக்க ஓர் இரும்பு வளையம் இருக்கும். அதை நிலத்தில் ஊன்றி, வளையத்தை மிதித்து, குனிந்து, நாணை இரண்டு கையாலும் மேலே இழுத்து விசைக்கு மேலுள்ள பூட்டில் ‘டிக்’ என்று விழுத்தவேண்டும். என் வில்லின் நாண் நூற்றெழுபத்தைந்து இறாத்தல் இழுவை. இது யோகமலரின் எடையைவிடக் கூட. எவ்வளவு கூட என்று எழுதக்கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். இந்தச் சுமையைக் குறைக்கக் கொக்கி பூட்டிய ஒரு கயிறு உண்டு. கயிற்றின் நடுவைப் பின்கட்டையின் பள்ளத்தில் போட்டு, கொக்கிகளை நாணில் மாட்டி, இரு முனைகளையும் இழுத்தால் சுமை பாதியாகும். ‘இதை நான் அனுபவத்தில் கண்டறிந்தேன்’ என்று கிளிபோட் எழுதியிருக்கிறார். அவர் அதைக் கண்டறிந்தது நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையில், என் வாயிலிருந்து. வாகன நெரிசலில் நின்றபோது கோப்பித் தட்டில் விரலால் படம் கீறிக் கப்பித் தத்துவத்தை அவருக்கு விளக்கினேன். சுமை பாதியாகும், ஆனால் இழுக்கும் தூரம் இரண்டு மடங்காகும் என்றும் சொன்னேன். முதல் பாதியை எழுதிவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டார். அவர் எதையும் தனக்கு வசதியான பாதியோடு நிறுத்திக்கொள்பவர்.

அந்தக் கயிறு அன்றைக்கு எங்கே போனது என்றும் அவர் எழுதவில்லை. சமையல் சாமான் பெட்டியை வான் வண்டியின் கூரையில் கட்டுவதற்கு அவரே அதை எடுத்துவிட்டார். பனியில் முடிச்சு இறுகிப்போய் அவிழ்க்க வரவில்லை. “ஒரு நாளைக்கு வெறுங்கையால இழுங்கோ அண்ணை, உங்களுக்கென்ன, இளந்தாரி மாதிரி இருக்கிறியள்” என்று சொன்னவர் இதே கிளிபோட். அன்று இளந்தாரி, கட்டுரையில் முதியவர்.

அடுத்தது குடிசை. அது வேட்டைக்காரர் ஒளிந்திருக்கும் ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். ஆனால் கிளிபோட் அதற்கு உள்சுவர் அடித்திருக்கிறார். விட்பி வீட்டுக்கு மரத்தளம் போட்டபோது கழற்றிய கார்ப்பெற்றைப் புஷ்பமலர் அதற்குள் விரித்திருக்கிறாள். சுவரில் அந்தோனியார் படம். விடிவதற்கு முன் நானும் கிளிபோட்டும் அமிர்தநாதரும் வாசலில் நின்றோம். அலெக்ஸாண்டர் தனியாக வேறொரு பக்கம் போயிருந்தார்.

“அண்ணை, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ” என்றார் கிளிபோட்.

“கிளிபோட், இது காடு.”

“காடெண்டாலும் கார்ப்பெற் கார்ப்பெற்தானே. சேறு பட்டா புஷ்பா என்னைத் திண்டிடுவா.”

“அவ வந்து பாக்கப்போறாவே?”

“சாமிப்படமும் இருக்கெல்லே அண்ணை. கழட்டுங்கோ, கழட்டுங்கோ. மான் வரப்போகுது.”

அமிர்தநாதர் ஏற்கெனவே கழற்றி, சோடி சேர்த்து வாசலில் வைத்துவிட்டார். கல்யாணவீட்டு வாசலில்போல எங்கள் வேட்டைச் சப்பாத்துகள் பனியில் வரிசையாக நின்றன. ஒன்ராறியோவில் வேட்டைக்குப் போகும் வேறெந்தச் சாதிசனமும் இதைச் செய்யுமா என்று எனக்குத் தெரியாது. வேட்டைப் பாடநெறியில் இதைச் சொல்லித் தரவில்லை. அதில் கிளிபோட்டைவிடக் கூடிய புள்ளிகளோடு சித்தியடைந்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன். வெளியே நின்று வில்லைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்றேன். மான் கண்டுவிடும் என்று அதையும் தடுத்தார்.

ஆகவே, ஆசிரியர் அவர்களே, கம்பளிக் காலுறையோடு கார்ப்பெற்றின் மேல் நின்று நூற்றெழுபத்தைந்து இறாத்தல் நாணை இழுத்தேன். முறை தவறவில்லை. முதுகு நேராக, முழங்கை உடம்போடு, கையை நம்பாமல் காலால் எழும்பினேன். நாண் முக்கால்வாசி வந்துவிட்டது. அந்த இடத்தில் காலுறை வழுக்கி வளையத்தைவிட்டுக் கால் கழன்றது. வில் துள்ளி எழும்பி, பின்கட்டை என் நாடியில் அடித்தது. நான் சுவரில் மோதினேன், அந்தோனியார் என்மேல் விழுந்தார், நான் அமிர்தநாதர்மேல் விழுந்தேன். போர்வைக்குள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த மனிதர் “யேசு மரி சூசை!” என்று கத்தி இரண்டு கையாலும் தள்ளிவிட, கதவு திறந்து, பனி படிந்த சருகில் தோளால் போய் இறங்கினேன். வலு இல்லாதவன் இப்படி விழமுடியாது. சறுக்கியது பலம் அல்ல, காலுறை. கட்டுரையில் காலுறை பற்றி ஒரு சொல் இல்லை. ‘உறுதியான சப்பாத்து அணியவும்’ என்று மட்டும், ஏதோ தனக்குத் தோன்றிய புத்திமதிபோல, எழுதியிருக்கிறார்.

நிமிர்ந்து பார்த்தேன். எதிரே ஒரு கொம்பன் மான். அந்தப் பருவம் முழுவதும் எங்கள் குழு கண்ட ஒரே மான் அதுதான். அது என்னைப் பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நேரம் குடிசைக்குள் ‘கிறீக், கிறீக்’ என்று சத்தம் கேட்டது. கிளிபோட் தன்னுடைய கிராங்கைச் சுற்றத் தொடங்கியிருந்தார். மேசையில் பூட்டிச் சுற்றும் தேங்காய் துருவியைப்போல, கைபிடியைச் சுற்றி நாணை மெல்ல மெல்ல இழுக்கும் பொறி அது. சின்னப்பிள்ளையும் சுற்றலாம், ஆயுளுக்கும் உழைக்கும் என்று கட்டுரையில் புகழ்ந்திருக்கிறார். சுற்றலாம். சுற்றி முடிவதற்குள் அந்தப் பிள்ளை வளர்ந்துவிடும்.

“சுத்துறன் அண்ணை, சுத்துறன்! அசையாதேங்கோ, அதைக் கதைச்சு வைச்சிருங்கோ!” என்று உள்ளிருந்து கிசுகிசுத்தார்.

மான் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போய்விட்டது.

அதன்பின் தோளைத் துவாய்த் துண்டால் கட்டி என்னை அடுப்படியில் இருத்தினார்கள். மான் இல்லாதபடியால், பெட்டியில் கொண்டுவந்த கோழியை ஒற்றைக் கையால் பிரட்டிவைத்தேன். எனக்கு அழிவு அங்கேதான் வந்தது. கறி நன்றாக அமைந்துவிட்டது. வருஷத்துக்கு இரண்டு வசனம் பேசும் அலெக்ஸாண்டர் எலும்பை உறிஞ்சியபடி, “அண்ணை இனி உதிலயே நிக்கட்டும்” என்றார். “ஓம், ஆளிட்டைக் கைப்பக்குவம் இருக்கு” என்று அமிர்தநாதர் தட்டை நீட்டினார். கிளிபோட் பாண் துண்டைக் குழம்பில் தோய்த்தார். அந்த நிமிஷத்தில்தான் என்னைக் குழுவின் சமையற்காரனாக நியமித்தார் என்று இப்போது விளங்குகிறது.

ஊர் திரும்பியதும் ஸ்காபரோவில் ஒரு பிசியோ நிலையத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம், அங்கே வருவோர் அநேகமாகக் கார் விபத்துக் காப்புறுதிக்காரர். விபரம் எழுதிய பிள்ளை லக்சிகா இங்கே பிறந்தவள், கணினியைவிட்டுக் கண்ணை எடுக்காமல், “அங்கிள், என்ன கார்?” என்றாள்.

“கார் இல்லைப் பிள்ளை. வில்லாலை வந்தது.”

“ஸொறி?”

“மான் வேட்டைக்குப் போனனான்.”

“ஓ மை கோட். மானுக்கு என்ன நடந்தது, அங்கிள்?”

“மானுக்கு ஒண்டுமில்லை. நடந்தது எனக்கு.”

“ஓ, ஓகே ஓகே, லைக், டியர் கொலிஷன்” என்றபடி ஆறுதலோடு, மான் மோதிய விபத்தென்று தட்டினாள். காத்திருந்தவர்களில் பாதிப்பேர் யோகமலருக்குத் தெரிந்தவர்கள். நான் வெளியே வருவதற்குள், நகுலேந்திரனை மான் இடித்துவிட்டது என்ற செய்தி மார்க்கம் நகரம்வரை போய்விட்டது. தேவாரம் படிக்க வந்த ஒருவர் கோயிலில் என்னை ஓரமாக அழைத்து, அது கொம்பாலா காலாலா என்று கேட்டார். இதையும் பொறுத்தேன்.

தோள் சுகமானதும் பயிற்சி தொடங்கினேன். முதல் நாள் நிலக்கீழ் அறையில், சப்பாத்தோடு. யோகமலர் படியில் நின்று கத்தினாள்.

“வீட்டுக்குள்ள சப்பாத்தோட நிக்கிறியள்! உங்களுக்கென்ன, விசரே?”

“சப்பாத்து இல்லாததாலதான் போனமுறை விழுந்தனான்.”

“அது காடு. இது வீடு.”

“காட்டிலயும் உன்ரை தங்கச்சியின்ரை கார்ப்பெற்றாலதானே கழட்டச் சொன்னவன்.”

“அவளை இழுக்காதேங்கோ. உந்த வில்லை இழுக்க ஏலாட்டில் அவளை இழுக்கிறதே?”

ஆகவே கராஜுக்குப் போனேன். காரை வெளியே விட்டு, கதவை இறக்கி, சப்பாத்துக் காலை வளையத்துக்குள் முழுதாக நுழைத்து, வானின் கூரையிலிருந்து மீட்ட கயிற்றை மாட்டினேன். கொக்கிகள் நாணின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே தூரம். ஒரு பக்கம் கூடினால் அம்பு கோணிப் போகும். மூச்சை விட்டு, காலால் எழும்பினேன். ‘டிக்.’ பட்டமளிப்பு விழாவில்கூட எனக்கு அவ்வளவு திருப்தி கிடைத்ததில்லை. திரும்பிப் பார்த்தால் கதவிடுக்கில் யோகமலர்.

“பூட்டியாச்சு. இனி உதை என்னெண்டு அவிழ்க்கிறது?”

நல்ல கேள்வி. பூட்டிய நாணை அம்பில்லாமல் விட்டால் வில் சிதறிவிடும். அம்பு வைத்து எதிலாவது எய்துதான் ஆகவேண்டும். அவளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, ராசிபலனுக்காக அவள் சேர்த்துவைத்த தங்கள் இதழின் பழைய பிரதிகளை இறுக்கிக் கட்டிச் சுவரோரம் அடுக்கி எய்தேன். அம்பு மேலட்டையைத் துளைத்து, தங்கள் ஆசிரியர் தலையங்கங்கள் பலவற்றைத் தடையின்றிக் கடந்து, கடைசி இதழின் வீட்டு விளம்பரத்தில் போய் நின்றது. கராஜ் சுவர் தப்பியது. நான் அனுப்பிய ‘நெம்புகோலும் நாமும்’ என்ற நீண்ட கட்டுரையைத் தாங்கள் பிரசுரித்திருந்தால் அந்தக் கட்டு இன்னும் தடிப்பாக இருந்திருக்கும் என்பதையும் இந்த இடத்தில் நினைவூட்டுகிறேன். கராஜில் எய்தது நகரசபைக்குப் பிடிக்காத காரியமாக இருக்கலாம். அந்த வரிகளை மட்டும் பிரசுரிக்க வேண்டாம்.

அன்றிலிருந்து கிழமை தவறாமல் இழுக்கிறேன். முதுகு பிடிக்கவில்லை, தோள் நோகவில்லை, மூச்சு வாங்கவில்லை. ஆகவே அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவில், ஒரு திருத்தம் வெளியிடும்படி கேட்கிறேன். ‘சென்ற இதழில் குறிப்பிட்டவர் முதியவர் அல்லர். அவர் விழுந்ததற்குக் காரணம் கட்டுரையாளரின் கார்ப்பெற். அவர் தம்முடைய வில்லை மட்டுமல்ல, அந்தக் குழுவில் எவருடைய வில்லையும், எத்தனை முறையும், தனியாகவே இழுத்துப் பூட்ட வல்லவர்.’ ஒரு சொல்லும் குறையக்கூடாது. யோகமலர் இதைத் தன் தங்கைக்குச் சொல்லிவிட்டாள் என்று நினைக்கிறேன். சொன்னால் நல்லது, முன்கூட்டியே தெரியட்டும்.

தங்கள் குடும்பத்தாருக்கும் அச்சகத்தாருக்கும் முதுகு நேராகவும் தோள் இலகுவாகவும் இருக்க எல்லாம் வல்ல முருகன் அருள்வானாக. கிளிபோட்டை அந்தோனியார் பார்த்துக்கொள்ளட்டும். அன்று என்மேல் விழுந்த வகையில் அவருக்கும் விஷயம் தெரியும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள வாசகன்,
க. நகுலேந்திரன், பி.எஸ்சி.

பி.கு.: கடித உறையை ஒட்டப்போன நேரம் கிளிபோட் போன் எடுத்து அழைத்தார். எடுத்தவுடனேயே மன்னிப்புக் கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் மன்னிப்புக் கேட்டு நான் கண்டதில்லை. அப்போதே போனை வைத்திருக்கவேண்டும்.

“அண்ணை, யோகமக்கா எல்லாம் சொன்னவ. நீங்கள் எழுதுறது சரிதான். உங்கடை பலத்தை நான் மட்டாக நினைச்சிட்டன். நல்ல காலம், நீங்கள் இருக்கிறியள்.”

“ஏன், என்ன நடந்தது?”

“கிராங்கின்ரை பல்லுத் தேஞ்சுபோச்சு. அதைச் சுத்திச் சுத்தி எனக்கு மணிக்கட்டும் வீங்கிக் கிடக்குது. அமிர்தநாதர் அங்கிளுக்கு நெஞ்சுக்குள்ள ஸ்ரென்ற் வைச்சவை, பாரம் இழுக்கக்கூடாதாம். அலெக்ஸுக்குக் குடலிறக்க ஒப்பரேஷன்.”

“அப்ப?”

“அப்ப என்ன, எங்கடை மூண்டு பேற்றை வில்லையும் நீங்களே இழுத்துத் தந்திடுங்கோ. விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, ஆரும் எய்து தவறவிட்டா இன்னொருக்கா. நாங்கள் மெல்லமாக் கூப்பிடுவம், நீங்கள் அங்கையிங்கை வந்து இழுத்துத் தந்தாச் சரி.”

“சமையல்?”

“அதுக்கும் உங்களை விட்டா ஆர், அண்ணை?”

“அப்ப நான் எப்ப, கிளிபோட், குடிசைக்குள்ள இருக்கிறது?”

“நீங்கள் ஏன் அண்ணை இருக்க? உங்களுக்குத்தான் வலு இருக்கே.”

ஆகையால், மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களே, மேலே உள்ள திருத்தத்தைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். கிளிபோட்டின் கட்டுரையையே அடுத்த இதழில் மறுபிரசுரம் செய்யுங்கள், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி. ‘முதிய நண்பர்’ என்ற இடத்தில் என் பெயரை முழுதாகப் போடலாம். வயதைக் கூட்டிப் போட்டாலும் ஆட்சேபணையில்லை. கெட்டது ஒரு தோளல்ல, இரண்டும். ‘சமையலைப் பொறுப்பேற்று மகிழ்ச்சியாக இருக்கிறார்’ என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டு, ‘அவரால் இப்போது ஒரு கரண்டியையும் தூக்க முடியாது, விடியற்காலையில் குடிசைக்குள் இருத்திவிட்டு, ஒன்றும் கேட்காமல் விட்டுவிடுவதே அவர் உடலுக்கு நல்லது’ என்று போடவும்.